வேண்டாம் என்று அழுத தாய்: ரஷ்யாவில் பதினொரு நாள்

முதல் நாள், ஜூலை 7, மாஸ்கோ

மாமா மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. அவர் வீட்டு பீரோவில் பாதி, மாஸ்கோவில் அச்சடித்துக் கப்பலேறி வந்த தமிழ்ப் புத்தகங்கள். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையில் இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் வாங்கியவை. "கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை மாஸ்கோவைப் பார்த்துரணும் மாப்ளே" என்பது அவரது பழைய பல்லவி. கூட்டிப் போகிறேன், ஆனால் பாதிப் பயணம் என் இஷ்டம் என்று நிபந்தனை போட்டேன். என் இஷ்டம் ரொமானோவ்கள். 1613 முதல் 1917 வரை, 304 வருஷம் ரஷ்யாவை ஆண்ட குடும்பம்.

"ஜார் பயலுகளா? அவங்க கதைதான் முடிஞ்சு போச்சே" என்றார்.

"எப்படி முடிஞ்சதுன்னு பார்க்கத்தான் மாமா."

காலையில் லெனின் சமாதி, அவர் கணக்கு. வரிசையில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். மதியம் என் கணக்கு. செஞ்சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வர்வார்க்கா தெரு. அங்கே ரொமானோவ் பாயர்களின் வீடு இருக்கிறது. பாயர் என்றால் ஜாருக்கு அடுத்த படியில் இருந்த பிரபுக்கள். அரண்மனையை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான், நம் ஊர்ப் பெரிய பண்ணை வீடு மாதிரி இருக்கிறது. வாசல் அவ்வளவு குள்ளம், குனியாமல் நுழைய முடியாது. மாமா நெற்றியில் இடித்துக்கொண்டார். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மைக்காத் தகடுகள், பழுப்பாக வெளிச்சம் வருகிறது. மூலையில் ஓடு பதித்த பெரிய கணப்பு. மாடியில் பெண்கள் உட்கார்ந்து நூற்கிற அறை. முதல் ரொமானோவ் ஜாரான மிகயீல் இந்த வீட்டில்தான் பிறந்தார் என்பது ஊர் நம்பிக்கை.

அந்தப் பிள்ளைக்கு நாலு வயது இருக்கும்போது குடும்பம் சிதறியது. அன்றைய ஜார் போரிஸ் கொதுனோவுக்கு ரொமானோவ்கள் மேல் பயம். காரணம் சின்னதில்லை: மிகயீலின் பாட்டனாருடைய தங்கை அனஸ்தாசியா, முந்தைய வம்சத்து ஜார் பயங்கர இவானின் முதல் மனைவி. அந்த உறவை வைத்துச் சிம்மாசனத்துக்கு வந்துவிடுவார்களோ என்று, மிகயீலின் அப்பாவையும் அம்மாவையும் வலுக்கட்டாயமாகத் துறவியாக்கி ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட்டார். துறவி ஜார் ஆக முடியாதே. அப்பா ஃபிலாரெத் ஆனார், அம்மா மார்ஃபா. இந்த மார்ஃபாவை நினைவில் வையுங்கள்.

இன்னொரு செய்தி, நம் ஆட்கள் கார்டை நம்பி வர வேண்டாம். விசா, மாஸ்டர் எதுவும் இங்கே செல்லாது. டாலராகக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். மாமா ரூபிள் கட்டை இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டு, தூங்கும்போதும் அவிழ்க்க மறுக்கிறார்.

மூன்றாம் நாள், ஜூலை 9, கோஸ்த்ரோமா

நேற்று ரயிலில் வந்து சேர்ந்தோம். வோல்கா கரையில் அமைதியான ஊர். ஊர் நடுவில் இருக்கும் சதுக்கத்தை உள்ளூர்க்காரர்கள் "வாணலி" என்கிறார்கள். தெருக்கள் எல்லாம் அங்கிருந்து விசிறி மாதிரி பிரிகின்றன. ஊரை எப்படித் திட்டமிடுவது என்று கேட்டபோது மகாராணி கேத்தரின் தன் விசிறியை விரித்துக் கீழே போட்டாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

நாங்கள் வந்தது இபாத்தியேவ் மடாலயத்துக்கு. கோஸ்த்ரோமா என்கிற சின்ன ஆறு வோல்காவில் கலக்கிற இடத்தில் வெள்ளை மதில், தங்கக் குவிமாடங்கள். 1613 மார்ச்சில் மிகயீலும் மார்ஃபாவும் இதற்குள்தான் இருந்தார்கள். நாடு அப்போது கிழிந்து கிடந்தது. பயங்கர இவானின் வம்சம் 1598இல் அறுந்துபோனது. பிறகு பஞ்சம், செத்துப்போன இளவரசன் திமீத்ரி நான்தான் என்று வந்த போலிகள், கிரெம்ளினுக்குள்ளேயே போலந்துப் படை. அதைத் துரத்திய பிறகு மாஸ்கோவில் கூடிய மகாசபை புது ஜாராகத் தேர்ந்தெடுத்தது இந்தப் பதினாறு வயதுப் பையனை. பெரிய திறமை எதையும் பார்த்து இல்லை. பழைய வம்சத்தோடு உறவு உண்டு, எந்தக் கோஷ்டியிலும் சேராத வயது, சொன்னபடி கேட்பான் என்று பாயர்கள் போட்ட கணக்கும் உண்டு.

செய்தி சொல்ல வந்த தூதுக்குழுவிடம் மார்ஃபா முடியாது என்றார். அழுதார், கோபப்பட்டார். அவர் சொன்ன காரணங்கள் பதிவில் இருக்கின்றன. நீங்கள் கொதுனோவுக்குச் சத்தியம் செய்தீர்கள், போலி திமீத்ரிக்குச் செய்தீர்கள், ஷூய்ஸ்கிக்குச் செய்தீர்கள், எல்லாரையும் கைவிட்டீர்கள். கஜானா காலி. என் கணவர் போலந்துக்காரன் சிறையில் இருக்கிறார், மகன் ஜார் ஆனால் அவரை என்ன செய்வார்களோ. ஆறு மணி நேரம் கெஞ்சினார்களாம். கடைசியில், இதற்கு மேல் மறுத்தால் நாடு அழிவதற்குக் கடவுள் உங்களைத்தான் கேட்பார் என்று சொன்ன பிறகுதான் மசிந்தார்.

"எப்பேர்ப்பட்ட பொம்பளை மாப்ளே" என்றார் மாமா. "நம்ம ஊர்ல கவுன்சிலர் சீட்டுக்கே அடிச்சுக்கிறானுங்க."

ஒரு வேடிக்கை. இந்த மடாலயத்தை வாரி வழங்கி வளர்த்தது கொதுனோவ் குடும்பம். அது அவர்கள் குலத்தின் கோயில் மாதிரி. பெற்றோரைப் பிரித்தவனின் மதிலுக்குள்தான் பிள்ளை ஒளிந்திருந்திருக்கிறான்.

மார்ஃபாவின் பயம் வீண் இல்லை என்று மறு வருஷமே தெரிந்துபோனது, ஆனால் அடி விழுந்தது வேறு தாயின் பிள்ளைக்கு. போலி திமீத்ரிகள் இருவருக்கும் மனைவியாக இருந்தவள் மரீனா, போலந்துப் பிரபுவின் மகள். அவளுக்கு ஒரு ஆண் குழந்தை, அதற்கும் சிம்மாசன உரிமை பேசினார்கள். 1614இல் அந்தக் குழந்தையை மாஸ்கோ செர்புகோவ் வாயில் அருகே தூக்கில் போட்டார்கள். மூன்று வயது. ரொமானோவ் ஆட்சி தொடங்கி இரண்டாவது வருஷம். மரீனா அந்த வம்சத்தையே சபித்தாள் என்று ஒரு கதை உலவுகிறது. எனக்குச் சாபத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்தக் குடும்பத்தின் வரலாற்றை யுத்தம், சட்டம், அரண்மனை என்று படிப்பதை விட்டுவிட்டு, அரியணையின் பெயரால் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று மட்டும் தொடர்ந்து போனால் வேறொரு ரஷ்யா தெரிகிறது. இந்தப் பயணத்தை அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

மாலையில் மாமாவுக்கு ஒரு பரிசு கிடைத்தது. 1913இல் வம்சத்தின் முந்நூறாம் ஆண்டு விழா. கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ் குடும்பத்தோடு இந்த ஊருக்கு வந்து, பெரிய நினைவுச்சின்னம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். பீடம் எழும்பியது, மேலே சிலைகள் வருவதற்குள் புரட்சி வந்துவிட்டது. 1928இல் அந்தப் பீடத்தின் மேல் லெனினை ஏற்றி நிறுத்திவிட்டார்கள், இன்றைக்கும் நிற்கிறார். வம்சத்தின் கும்பலையே தாங்கக் கட்டிய பீடத்தில் ஒற்றை ஆள், அளவே பொருந்தவில்லை. மாமா சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. நாலு கோணத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார்.

நான்காம் நாள், ஜூலை 10

ரயில். யாரோஸ்லாவ்லில் மாறினோம். எழுத ஒன்றுமில்லை. ஊறுகாய் பாட்டில் உடைந்து என் சட்டைகள் எல்லாம் நல்லெண்ணெய் மணம்.

ஐந்தாம் நாள், ஜூலை 11, பீட்டர்ஸ்பர்க்

இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். மாமா போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டு, "இவங்களுக்கு ராத்திரின்னு ஒண்ணு கிடையாதா" என்கிறார்.

மகா பீட்டர் 1703இல் இந்த ஊரைச் சதுப்பில் எழுப்ப ஆரம்பித்தது ஒரு கோட்டையில்தான், பீட்டர்-பவுல் கோட்டை. அதன் நடுவே ஊசிபோல் கோபுரம் வைத்த தேவாலயம். பீட்டரில் தொடங்கி ரொமானோவ் சக்கரவர்த்திகள் அநேகமாக எல்லாரும் அங்கேதான் கிடக்கிறார்கள். ஒரே மாதிரி வெள்ளைச் சலவைக்கல் பெட்டிகள், மேலே தங்கச் சிலுவை. இரண்டு மட்டும் வேறு நிறம்: இரண்டாம் அலெக்ஸாண்டருக்குப் பச்சை, அவர் மனைவிக்கு ரோஜா நிறம்.

கூட்டம் பீட்டரின் கல்லறையில் பூ வைக்கிறது. நான் தேடியது மணிக்கூண்டுக்கு ஏறும் படிக்கட்டை. அதன் அடியில்தான் பீட்டரின் மூத்த மகன் அலெக்ஸெய். அப்பாவின் சீர்திருத்தங்கள் பிடிக்காத பிள்ளை, ஆஸ்திரியாவுக்கு ஓடிப்போனவன். மன்னிப்பதாக வாக்குக் கொடுத்து வரவழைத்து, இதே கோட்டையில் அடைத்துச் சாட்டையால் அடித்து விசாரித்தார்கள். மரண தண்டனை விதித்தார்கள், நிறைவேற்றுவதற்குள் 1718இல் கோட்டைக்குள்ளேயே செத்துப்போனான். மறுநாள் போல்தாவா போர் வெற்றியின் ஆண்டு நாள். பீட்டர் விழாவை நிறுத்தவில்லை.

அதன் பிறகு பீட்டர் ஒரு சட்டம் போட்டார், 1722. மூத்த மகனுக்கே பட்டம் என்பது இனி இல்லை, ஜார் யாரை விரும்பினாலும் வாரிசாக்கலாம். விரும்பியவர் பெயரைச் சொல்லாமலே 1725இல் இறந்தும் போனார். அதோடு அரியணை காவல்படை சிப்பாய்களின் கைக்குப் போய்விட்டது. யார் பக்கம் துப்பாக்கியோ அவர் மகாராணி. பீட்டரின் மகள் எலிசபெத் அப்படி வந்தார். கேத்தரின் தன் கணவன் மூன்றாம் பீட்டரை இறக்கிவிட்டு வந்தார், சில நாளில் கணவனின் கதையும் முடிந்தது. கேத்தரினின் மகன் பவுலுக்கு இதெல்லாம் ஆறாத புண். பட்டத்துக்கு வந்ததும், 1797இல், இனி ஆண் வழிக்கே முதல் உரிமை, ஆண் வாரிசு யாராவது இருக்கும்வரை பெண்ணுக்கு அரியணை இல்லை என்று சட்டத்தைத் திருப்பிப் போட்டார். அகழியும் தூக்குப்பாலமும் வைத்துப் புதுக் கோட்டை கட்டிக் குடியேறினார். நாற்பது நாள்தான் இருந்தார். 1801இல் படுக்கையறைக்குள் புகுந்த அதிகாரிகள் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அகழிக்கு இந்தப் பக்கம் இருப்பவனை அகழி என்ன செய்யும்?

பவுல் போனார், அவர் சட்டம் நின்றது. அதுதான் நூறு வருஷம் கழித்து வந்து கடித்தது. இரண்டாம் நிக்கோலஸுக்கு ஓல்கா, தத்யானா, மரியா, அனஸ்தாசியா என்று வரிசையாக நான்கு பெண்கள். ஆரோக்கியமானவர்கள், கெட்டிக்காரிகள், சட்டப்படி கணக்கில் இல்லை. ஐந்தாவதாக 1904இல் பிறந்த அலெக்ஸெய்க்கு ரத்தம் உறையாத நோய், விக்டோரியா மகாராணியின் வழியில் அம்மாவுக்கு வந்து அம்மாவிடமிருந்து அவனுக்கு. நாட்டுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். மறைத்த இடத்தில், நோயைத் தணிப்பதாகச் சொன்ன சாமியார் ரஸ்புதின் நுழைந்தார். 1913 விழாவில் சிம்மாசன வாரிசை ஒரு கொசாக் வீரர் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனதை ஜனங்கள் பார்த்தார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியாது. உலக யுத்தம், பஞ்சம், ஜாரின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்துதான் வம்சம் விழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஓல்காவுக்கு உரிமை இருந்திருந்தால் அந்த அரண்மனையில் அவ்வளவு இருட்டு இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

மாலை அரண்மனைச் சதுக்கத்தில் மாமா சட்டென்று நின்றார். "பிள்ளைங்க பிள்ளைங்கன்னு சொல்றியே மாப்ளே. 1905இல் கூலியைக் கூட்டிக் கொடு சாமின்னு ஜார் படத்தைத் தூக்கிக்கிட்டு இங்கதான் வந்தாங்க. பொண்டாட்டி பிள்ளையோட வந்தாங்க. சுட்டான்ல? அதை எழுது." எழுதிவிட்டேன். பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 9, ஞாயிறு. ஜார் அன்று அரண்மனையில்கூட இல்லை.

ஆறாம் நாள், ஜூலை 12, ஷ்லிஸ்ஸெல்புர்க்

சுற்றுலாக் கூட்டம் அதிகம் வராத இடம். மெட்ரோவின் கடைசி நிலையத்தில் இறங்கி பஸ், பிறகு படகு. லதோகா ஏரியிலிருந்து நேவா ஆறு புறப்படும் வாயில் சின்னத் தீவு, தீவு முழுக்கக் கோட்டை. இரண்டாம் உலகப் போரில் சுமார் 500 நாள் செம்படை பிடித்து நின்றதில் பாதி இடிந்து, இடிந்தபடியே வைத்திருக்கிறார்கள். ஏரிக்காற்று ஜூலையிலும் காதை அறுக்கிறது. மாமா மப்ளர் கட்டிக்கொண்டார், சபரிமலைக்குப் போகிறவர் மாதிரி.

இங்கேதான் ஆறாம் இவான். பிறந்து இரண்டு மாதத்தில் சக்கரவர்த்தி. 1741 நவம்பரில் ஒரு ராத்திரி, எலிசபெத் சிப்பாய்களோடு அரண்மனைக்குள் புகுந்து தொட்டிலிலிருந்து தூக்கியபோது அவனுக்கு ஒன்றேகால் வயது. கையில் வைத்துக் கொஞ்சினார் என்றும் சொல்வார்கள். எலிசபெத் தன் ஆட்சியில் யாருக்கும் மரண தண்டனை கிடையாது என்று சபதம் எடுத்தவர், காப்பாற்றவும் செய்தார். அதனால் குழந்தையைக் கொல்லவில்லை, அழித்தார். அவன் முகம் பதித்த நாணயங்களைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். பெயர் வருகிற காகிதங்களை அகற்றினார்கள். நான்கு வயதில் அம்மாவிடமிருந்து பிரித்தார்கள். அவள் 1746இல் பிரசவத்தில் இறந்தாள், மகனை மறுபடி பார்க்கவே இல்லை. 1756இல் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள், பெயரில்லாத கைதியாக. யாராவது விடுவிக்க வந்தால் உயிரோடு கொடுக்காதே என்று காவலர்களுக்கு உத்தரவு. கேத்தரின் காலத்தில், 1764இல், மிரோவிச் என்ற இளம் அதிகாரி விடுவிக்க வந்தான். காவலர்கள் உத்தரவை நிறைவேற்றினார்கள். இவானுக்கு 23 வயது. எங்கே புதைத்தார்கள் என்பது நிச்சயமாகத் தெரியாது. நேற்று பார்த்த சலவைக்கல் வரிசையில் அவனுக்கு இடம் இல்லை.

மாமா ஒன்றும் சொல்லாமல் கூடவே நடந்தார். மதிலோரம் ஒரு நினைவுப் பலகை வந்ததும், இந்த முறை அவர் நிறுத்தினார். அலெக்ஸாண்டர் உலியானோவ், லெனினின் அண்ணன். மூன்றாம் அலெக்ஸாண்டரைக் குண்டு வைத்துக் கொல்லத் திட்டமிட்டதற்காக 1887 மே மாதம் நான்கு தோழர்களோடு இங்கே தூக்கிலிட்டார்கள். அவர் அம்மா மன்னிப்பு மனு கொடுத்துப் பார்த்தார், மகனையும் எழுதச் சொல்லிக் கெஞ்சினார்.

"இருபத்தொரு வயசு மாப்ளே. அதுவும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே? நீ போடுற கணக்குல இதையும் சேர்த்துக்க."

சரிதான். என் கணக்கில் அரச வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இருந்தது அப்போதுதான் உறைத்தது. படகு வரும்வரை பலகையைப் பார்த்தபடி இரண்டு பேரும் சுண்டலைக் கொறித்தோம். ஊரிலிருந்து கொண்டுவந்ததில் அதுதான் கடைசிப் பொட்டலம்.

எட்டாம் நாள், ஜூலை 14, ரயில்

யெகாத்தெரின்புர்க் வரை ஒன்றரை நாள். ஜன்னலில் பிர்ச் மரம், மறுபடி பிர்ச் மரம். பெட்டிக்கு ஒரு அம்மா பொறுப்பு, புரோவொத்னித்சா என்கிறார்கள். உலோகப் பிடி போட்ட கண்ணாடித் தம்ளரில் டீ கொடுக்கிறார். பிடியில் பூவேலைப்பாடு, ரயில் ஆட்டத்தில் கரண்டி கண்ணாடியில் கிணுகிணு என்கிறது. பால் கிடையாது. பெட்டி முனையில் எந்நேரமும் வெந்நீர் கொதிக்கிற பாய்லர். மாமா அதில் பால் பவுடர் கலந்து, எதிர் இருக்கைப் பாட்டிக்கும் கொடுத்து, தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கிறார். பாட்டி ரஷ்யனில் பதில் சொல்கிறார். இருவருக்கும் திருப்தி.

இரவில் பெர்ம் வரும். நிக்கோலஸ் 1917 மார்ச்சில், புதுக் கணக்கில் 15ஆம் தேதி, முடியைத் துறந்தபோது நோயாளி மகனையும் சேர்த்து விலக்கிவிட்டுத் தம்பி மிகயீலுக்குக் கொடுத்தார். தம்பி மறுநாளே மறுத்தார். மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை கேட்டால் மட்டும் ஏற்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் மிகயீலுக்காக அம்மா மறுத்தாள், யாரும் கேட்கவில்லை. இந்த மிகயீல் தானே மறுத்தார், அதுவும் உதவவில்லை. 1918 ஜூனில் பெர்முக்கு வெளியே காட்டில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கிடைக்கவில்லை.

பத்தாம், பதினோராம் நாள், ஜூலை 16-17, யெகாத்தெரின்புர்க்

பொறியாளர் ஒருவரிடமிருந்து புரட்சிக்காரர்கள் பறித்து ஜார் குடும்பத்தை அடைத்த வீடு இந்த ஊரில் இருந்தது. அவர் பெயர் இபாத்தியேவ். இபாத்தியேவ் மடாலயத்தில் ஆரம்பித்தது இபாத்தியேவ் வீட்டில் முடிந்தது என்று வழிகாட்டிகள் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன். வீட்டை 1977இல் இடித்துவிட்டார்கள். இடித்தபோது இந்த மாகாணத்தின் கட்சிச் செயலாளர் போரிஸ் யெல்த்சின். 1998இல் பீட்டர்ஸ்பர்கில் எலும்புகளை அடக்கம் செய்தபோது தலைகுனிந்து நின்ற ஜனாதிபதியும் அவரே. வீடு இருந்த இடத்தில் 2003 முதல் "ரத்தத்தின் மேல் தேவாலயம்" நிற்கிறது.

16ஆம் தேதி சாயங்காலத்திலிருந்தே கூட்டம். முக்காடிட்ட பெண்கள், முதுகுப்பை போட்ட இளைஞர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். நள்ளிரவுப் பூசை முடிந்ததும் கனினா யாமா காட்டுக்கு 21 கிலோமீட்டர் நடப்பார்கள், உடல்களை முதலில் கொண்டுபோய்ப் போட்ட பழைய சுரங்கக் குழிக்கு. நம் பழனிப் பாதயாத்திரைதான், காவடி மட்டும் இல்லை. கொசுவும் அதே அளவு.

1918இல் இதே ராத்திரி நடந்தது நிறைய பேருக்குத் தெரிந்த கதை. ஊர் கலவரமாக இருக்கிறது, பாதுகாப்புக்குக் கீழே வாருங்கள் என்று எழுப்பினார்கள். அலெக்ஸெயை அப்பா தூக்கிக்கொண்டு இறங்கினார், பதினாலு முடியாத பையன், அப்போதும் நடக்க முடியவில்லை. அம்மா நாற்காலி கேட்டார், இரண்டு கொண்டுவந்து போட்டார்கள். பிறகு காவல் தலைவர் யுரோவ்ஸ்கி தீர்ப்பைப் படித்தார். பெண்கள் உள்ளாடையில் வைத்துத் தைத்திருந்த வைரங்களில் பட்டுக் குண்டுகள் தெறித்ததால், அது சீக்கிரம் முடியவில்லை.

செத்தது பதினோரு பேர். குடும்பம் ஏழு. மீதி நாலு பேர் டாக்டர் போத்கின், பணிப்பெண் தெமீதவா, உதவியாள் துரூப், சமையல்காரர் கரித்தோனவ். ரஷ்யத் திருச்சபை 2000இல் குடும்பத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது, 2016இல் டாக்டருக்கும். இதைச் சொன்னபோது மாமா விரலை விட்டு எண்ணினார்.

"மத்த மூணு பேருக்கு?"

"இங்க இன்னும் கொடுக்கலை மாமா."

"அதானே பார்த்தேன்" என்றார். பழைய சங்கத்துக்காரர், கோபம் முகத்தில் ஏறிவிட்டது. "சமைச்சுப் போட்டவன், துணி மடிச்சவ. அதே குண்டுதானே?" மெழுகுவத்திக் கடையில் போய் நின்றார். பத்து நாளாக எந்தக் கோயிலிலும் பைசா எடுக்காத மனுஷன் பெல்ட்டை அவிழ்த்து மூன்று மெழுகுவத்தி வாங்கினார். அவரே மணல் தட்டில் நட்டார்.

பூசை முடிந்து ஊர்வலம் கிளம்பும்போது மணி மூன்று இருக்கும். மாமாவின் முழங்காலுக்கு 21 கிலோமீட்டர் ஆகாது. கொஞ்ச தூரம் கூட நடந்துவிட்டு ஓரமாக ஒரு திண்டில் உட்கார்ந்தோம். கூட்டம் பிரார்த்தனையை முணுமுணுத்தபடி போய்க்கொண்டே இருந்தது. ஒரு அப்பா தோளில் தூங்குகிற பையனோடு போனார்.

"அந்த வீட்டுல ஒரு சமையக்கட்டுப் பையனும் இருந்தான் மாமா" என்றேன். "லியோனித் செத்னெவ். அலெக்ஸெய்க்கு விளையாட்டுத் துணை, அவன் வயசுதான் இருக்கும். அன்னிக்குச் சாயங்காலம் அவனை மட்டும் வெளியில அனுப்பிட்டாங்க. அதனால பிழைச்சான்."

"என்ன சொல்லி அனுப்புனாங்க?"

"உங்க சித்தப்பா வந்திருக்கார், போய்ப் பாருன்னு."

"வந்திருந்தாரா?"

"அவரும் அங்க வேலை பார்த்தவர்தான். ரெண்டரை வாரம் முன்னாடியே சுட்டுட்டாங்க."

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்து எழுந்து, "இன்னும் கொஞ்ச தூரம் நடப்போம் மாப்ளே" என்றார்.